அம்மா வீட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டேன், அண்ணா

டிவிக்குப் பின்னால் கையை விட்டதும் அந்த வாடை வந்தது. சூடேறிய பிளாஸ்டிக், பல வருடத் தூசி, பல்லி எச்சம் எல்லாம் கலந்த வாடை. உன் மாடி அறைக்குள் நுழைந்தால் இதே வாடைதான் அடிக்கும். செட் டாப் பாக்ஸ் தொட முடியாமல் சுட்டது. கறுப்பு ஒயரின் முனை துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பழைய துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். திரையில் பேசிக்கொண்டிருந்தவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. பிறகு நீல நிறம் மட்டும் மிஞ்சியது.

"கழண்டு வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"வந்துடுச்சும்மா."

"அப்ப சன்னல்ல கீறதையும் இழுத்துடு. எறும்பு அந்த ஒயரப் புடிச்சிக்கினுதான் உள்ள வருது."

உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அண்ணா. திண்டிவனத்தில் நம் தெருவில் மிச்சமிருந்த ஒரே கேபிள் இணைப்பு இன்று காலை போய்விட்டது. கழற்றியது நான். கழற்றச் சொன்னது நம் அம்மா. நீ செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளாக உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தேன். இன்று இருக்கிறது. ஆனால் பாசமாகப் பேசுவேன் என்று நினைத்துவிடாதே.

அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மா மல்லாட்டைக் கடலை காயவைக்கும் மாடியில் நீ டிஷ் நட்டாய். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, அம்மாவுக்குக் காயவைக்க இடமில்லாமல் போயிற்று. மின்கம்பத்திலும் புளியமரத்திலும் ஒயரைக் கட்டி, தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போனாய். அடைமழையில், கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது லைன் அறுந்ததும், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினாயே, அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. படம் திரும்பி வந்ததும் எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் கைத்தட்டல் கேட்டது. நனைந்த தலையோடு நீ கம்பத்தின் உச்சியிலிருந்து சிரித்தாய். அன்று உன்னைப் பார்க்க எனக்கும் பெருமையாக இருந்தது. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கைத்தட்டலில் நீ கற்றுக்கொண்டது வேறு. படத்தைக் கொடுக்க முடிகிறவனால் நிறுத்தவும் முடியும் என்று கற்றுக்கொண்டாய். தண்ணீர்க் குழாய்த் தகராறில் எதிர்வீட்டு வாத்தியார் உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அன்று சாயங்காலமே அவர் வீட்டு டிவியில் புள்ளி புள்ளியாக ஓடியது. சீரியல் நேரத்தில் அவர் மனைவி நம் வாசலில் வந்து நின்றார்.

"எங்கியோ ஒயரு உட்டுப்போச்சு போலக்கீதுங்க. ஆள அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்" என்று அவரிடம் பணிவாகச் சொன்னாய். மாடிக்கு வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தாய். "ஒயரு நம்ம கையில இருக்கிற வரைக்கும் எவனும் வாயத் தொறக்க மாட்டான், அமுதா." இதை எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்!

நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். உன் உள்ளூர் சேனலுக்கு எழுத்து வேலை முழுவதும் என்னுடையது. ரிமோட்டில் ஒன்றை அழுத்தினால் உன் சேனல்தான் வரும்படி வைத்திருந்தாய். பழைய பாட்டுகளுக்கு நடுவே பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றையும் நான்தான் கம்ப்யூட்டரில் அடித்து, படம் சேர்த்து, ஓரத்தில் பூ வைத்துக் கொடுப்பேன். அஞ்சலிக்கென்று நான் ஒரு அட்டை செய்திருந்தேன். கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் படம், பின்னால் ஷெனாய். அடியில், "ஆழ்ந்த வருத்தத்துடன், உற்றார் உறவினர்". துக்க வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "செத்தவருக்கு மரியாதையா இருந்துச்சுங்க" என்று உன்னிடம் சொல்வார்கள். "எந் தங்கச்சி போட்டது" என்று நீ சொல்வாய்.

காலனிக்கும் உன் ஒயர் போயிருந்தது. ஆனால் கோபம் வந்தால் முதலில் அறுபடுவதும் அந்த ஒயர்தான். கோயில் திருவிழாவுக்கு மேளம் அடிக்க இனி வரமாட்டோம் என்று காலனிக்காரர்கள் சொன்ன வருடம், ஏரிக்கரைக் கம்பத்தில் இருந்த பெட்டியை நீயே போய்க் கழற்றிக்கொண்டு வந்தாய். காலனி முழுக்க டிவி நின்றுபோயிற்று. சில நாள் கழித்து ஒருவர் வந்தார். கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துத்தான் பேசினாய். மாடிச் சன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க தெருவுக்கு லைன் வரலைங்க. எங்கம்மா கை கால் வராமப் படுத்துக்கினு இருக்காங்க. ஞாயித்துக்கிழம ஜெபம் டிவியிலதான் பார்ப்பாங்க. கொஞ்சம் பார்த்து உடுங்கண்ணா."

"மோளம் அடிக்க வரல இல்ல? அப்ப லைனும் வராது."

"மோளத்துக்கும் டிவிக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"சம்பந்தமா? எங்கிட்டயே சம்பந்தம் பேசறியா நீ?" என்று எகிறினாய். பக்கத்தில் நின்ற உன் கூட்டாளி சேகர் சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை. கேட்டில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர்தான் சாமுவேல்.

அடுத்த வாரம் சாமுவேல் வீட்டுக் கூரைமேல் ஒரு சின்ன டிஷ் முளைத்தது. மாசக் கட்டணம் இல்லாத இலவச டிஷ். ஒருமுறை வாங்கி வைத்தால் போதும், யார் தயவும் வேண்டாம். பிறகு பக்கத்து வீட்டில் ஒன்று, அதற்குப் பக்கத்து வீட்டில் ஒன்று. நம் ஊரில் கேபிளை முதலில் வேண்டாம் என்றவர்கள் அவர்கள்தான். பெட்டியைத் திரும்ப மாட்டச் சொல்லி யாரும் உன்னிடம் வரவில்லை. "முக்காவாசி இந்திக்காரன் சேனலு. பார்த்துக்கினு கெடக்கட்டும்" என்று நீ சிரித்தாய். ஆனால் சாயங்காலங்களில் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு காலனிக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருப்பாய். உன் முகத்தில் பயம் இருந்ததை நான் பார்த்தேன்.

சாமுவேல் விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தார். என் கல்லூரியும் விழுப்புரத்தில்தான். ஒரே பஸ். விக்கிரவாண்டி தாண்டிக் கூட்டம் குறைந்த ஒருநாள், நானாகத்தான் பேசினேன்.

"உங்கம்மாவுக்கு இப்ப டிவி தெரியுதா?"

அவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கொஞ்சம் தயங்கினார். "தெரியுதுங்க. பாதி இந்தி. புரியலன்னாலும் வூட்டுல பேச்சுச் சத்தம் இருக்குதேன்னு அவங்களுக்கு ஒரு சந்தோஷம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நீ ஊரெல்லாம் சொன்ன மாதிரி அவர் என்னை மயக்கவும் இல்லை, உன்னைப் பழிவாங்கத் திட்டம் போடவும் இல்லை. படிப்பு முடிந்து அவருக்கு வேலை கிடைத்ததும் நானே உன்னிடம் வந்து சொன்னேன். ஒளிந்து போக எனக்கு விருப்பமில்லை. நீ அறைந்தாய். அம்மா குறுக்கே வந்ததில் அவள் மேலும் ஒரு அடி விழுந்தது. அந்த அடிகளை நான் மறந்துவிடுவேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்கு அப்புறம் நீ செய்ததைத்தான் மறக்க முடியவில்லை.

விழுப்புரத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ரயில் சத்தம் கேட்கும் ஒரு மாடி அறையில் குடியேறினோம். ஒருநாள் சாயங்காலம், நம் தெருச் சாந்தி என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டு டிவியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கறுப்புப் பின்னணி. இரண்டு குத்துவிளக்கு. நடுவில் நான். நம் மாடியில் நின்று சிரிக்கும் என்னை நீதான் ஒரு பொங்கலன்று எடுத்தாய். தோற்றம் என்ற இடத்தில் என் பிறந்தநாள் இருந்தது. மறைவு என்ற இடத்தில் எங்கள் கல்யாண நாள். "அகால மரணம்" என்று சிவப்பில் எழுதியிருந்தாய். அதை மட்டும்தான் நீ சேர்த்திருந்தாய். மற்றதெல்லாம் நான் செய்தது. "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்ற வரி நான் வைத்த எழுத்தில், நான் வைத்த இடத்தில், அப்படியே இருந்தது.

சாமுவேல் போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். வேறு எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாட்டுக்குப் பாட்டு நடுவே அதை ஓட்டினாயாம். கருமாதி வரைக்கும் ஓட்டினாயாம். திண்டிவனத்தில் உன் ஒயர் போன வீடெல்லாம் என் சாவைப் பார்த்தது. ஆனால் நீ அம்மாவுக்குச் செய்ததுதான் கொடுமை. கூடத்து டிவியை நிறுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டாய். அடுப்படியில் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருப்பவளுக்கு, கூடத்திலிருந்து ஷெனாய் கேட்கும். பல வருடம் கழித்துத்தான் அம்மா என்னிடம் இதைச் சொன்னாள்.

"மொதல்ல அந்தச் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்குவேன். அப்பறம் அப்பறம் ஓடிப்போய் முன்னாடி ஒக்காந்துக்குவேன். அதுலதான உன் மூஞ்சியப் பார்க்க முடிஞ்சிது. நிறுத்தனப்புறம் அதுவும் இல்ல."

உனக்கு இது தெரியுமா, அண்ணா? அம்மா அழுவதைத்தான் நீ பார்த்திருப்பாய்.

என் வயிற்றில் கயல் இருந்தபோது, பிரம்மதேசத்து அத்தை சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற வேண்டும். பூ வாங்கலாம் என்று ஒரு கடைக்கு முன் நின்றேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்ததும் முழம் போட்ட கை அப்படியே நின்றது.

"நீ கேபிள்காரரு தங்கச்சி இல்ல? ஐயோ, நீ செத்துட்டன்னு டிவியில போட்டாங்களேம்மா!"

"இல்லிங்க. உயிரோடதான் இருக்கேன்."

அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். "இன்னாக்கா, இன்னா பேஜாரு?" என்று ஒருவர் கேட்க, "செத்துப்போன பொண்ணு வந்து நிக்குதுடா" என்றார் அந்த அம்மாள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பூ வாங்காமலே விழுப்புரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அத்தையை நான் கடைசியாகப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு உன் காலம் இறங்க ஆரம்பித்தது. எல்லா வீட்டுக்கும் செட் டாப் பாக்ஸ் வந்தது. ரிமோட்டில் ஒன்றாம் எண்ணில் இருந்த உன் சேனல் எங்கோ கடைசியில் தள்ளப்பட்டது. பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. பிள்ளைகள் போனில் பார்த்தார்கள், பிறகு பெரியவர்கள் பார்த்தார்கள். சீரியலை நேரத்துக்கு உட்கார்ந்து பார்க்கவேண்டிய அவசியம் போயிற்று. ஃபைபர் இன்டர்நெட்காரர்கள் வந்ததும், நம் தெருவில் கேபிளை வேண்டாம் என்று சொன்ன முதல் வீடு எதிர்வீட்டு வாத்தியார் வீடு. அவர் தன் சுவரிலிருந்து உன் ஒயரை அறுத்து, அழகாகச் சுருட்டி, நம் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார் என்று சாந்தி சொன்னாள். அன்று விழுப்புரத்தில் என் அடுப்படியில் நான் சத்தமாகச் சிரித்தேன். கயல் பயந்துபோய் ஓடிவந்தாள்.

நீ சும்மா இருக்கவில்லை. பகலிலேயே கட்டிங் பிளேயரோடு போய் ஃபைபர் ஒயரை அறுத்தாய். அவர்கள் வந்து ஒட்டினார்கள். நீ மறுபடி அறுத்தாய். முன்பெல்லாம் படம் நின்றால் உன் வாசலில் வந்து கெஞ்சியவர்கள், இப்போது உன்னைக் கம்பத்தடியிலேயே சுற்றி நின்றுகொண்டார்கள். "ஏங்க, எம் பொண்ணு ஆன்லைன் கிளாஸ் படிச்சிக்கினு இருக்குது. எறங்குங்க கீழ" என்று வாத்தியார் மனைவி கத்தினாராம். நீ இறங்கினாய். அதற்குப் பிறகு நீ ஏறவில்லை. சர்க்கரை உன் காலைப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் சாமுவேல் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து போன் செய்தார். "உங்கண்ணன் இங்க வந்து சேர்ந்திருக்காரு. கால்ல புண்ணு. கொஞ்சம் மோசமாத்தான் இருக்கு."

கட்டுப் போட அவர் பக்கத்தில் வந்ததும், "வேற ஆள் இல்லியா?" என்று கேட்டாயாமே. "இருக்காங்க, சாயங்காலம் வருவாங்க. புண்ணு அதுவரைக்கும் காத்துக்கினு இருக்காதுங்க" என்றிருக்கிறார். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காலை மட்டும் காட்டினாய். அங்கே இருந்தவரைக்கும் உன் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டியவர் அவர்தான். ஒருமுறைகூட நீ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தாப்பா" என்பாயாம். வீட்டுக்கு வந்து அதை ஒரு குறையாகவும் அவர் சொன்னதில்லை. நான் கேட்டுத்தான் சொன்னார்.

நான் வந்தது ஒரே ஒருநாள். கேப்பைக் கஞ்சி கொண்டுவந்தேன். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, ஏதோ நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாய். கேபிள்காரர் போனில் இலவசமாக டிவி பார்க்கிறார்! அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"அண்ணா."

நீ நிமிரவில்லை. "இன்னாத்துக்கு வந்த?"

"ஒன்னு கேக்கணும்."

"சொத்தா?"

"அதெல்லாம் வாணாம். உன் சேனல் இன்னும் ஓடுதில்ல? அதுல ஒரே ஒரு தடவ போடு. அமுதா உயிரோட இருக்கான்னு. தப்பாப் போட்டுட்டோம்னு போட்டாப் போதும்."

நீ என்னை அப்போதுதான் பார்த்தாய். பிறகு சிரித்தாய். வாத்தியார் மனைவியை அனுப்பிவிட்டு மாடியில் சிரித்த அதே சிரிப்பு. ஆனால் இந்த முறை பாதியில் இருமல் வந்துவிட்டது.

"போட்டா யார்டி பார்க்கறது? அல்லாரும் கழட்டிக்கினு போய்ட்டானுங்க. தெருவுல நம்ம வூடு ஒன்னுதான் மிச்சம்."

"அம்மா பார்ப்பாங்க இல்ல? அது போதும் எனக்கு."

நீ போனின் சத்தத்தைக் குறைத்தாய். சரி என்று சொல்லிவிடுவாய் என்று நான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். உன் உதடு ஏதோ சொல்லப்போவது மாதிரி அசைந்தது.

"செத்தது செத்ததுதான்" என்றாய். போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவைத்தாய்.

என் சாவை ஊரெல்லாம் பார்த்தது. அதை இல்லை என்று சொல்லவேண்டிய நாள் வந்தபோது பார்க்க ஆளில்லை. இந்த அநியாயத்தை நீயே ஒரு கணக்காக எனக்குச் சொல்லிக் காட்டினாய். கஞ்சிப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் சாமுவேல் அதைக் கழுவிக் கொண்டுவந்தார். குடித்தது நீயா, பக்கத்துப் படுக்கைக்காரரா என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் நீ இறந்தாய். சேதி தெரிந்ததும் நாங்கள் இருவரும் கிளம்பி வந்தோம். அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்றுதான் வந்தேன். தெருமுனையிலேயே சித்தப்பாவும் இன்னும் சிலரும் மறித்துக்கொண்டார்கள்.

"நீ செத்துட்டன்னு ஊருக்கே தெரியும். இப்ப வந்து நின்னா இன்னா அர்த்தம்? அவன் ஆத்மா சாந்தி அடைய வாணாமா? பேசாம போய்டு."

மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்காக யாரோ போனில் லைவ் போட்டிருந்தார்கள். சாந்தி அதை எனக்கு அனுப்பினாள். இரண்டு தெரு தள்ளி நடந்த உன் சாவை நான் போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. உன் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. திரையில், பார்ப்பவர்கள் அனுப்பிய கைகூப்பும் பொம்மைகள் மிதந்து மேலே போய்க்கொண்டே இருந்தன. பறைச் சத்தம் போனில் கேட்டு, கொஞ்சம் தாமதித்து ரோட்டிலும் கேட்டது. நான் அழவில்லை. சாமுவேல்தான் அழுதார். உன் காலை அவ்வளவு நாள் கையில் பிடித்திருந்தவர் அவர்.

அன்று முழுக்க சேகர் உன் படத்தைச் சேனலில் போட்டாராம். நான் செய்த அதே அட்டை, அதே விளக்கு. அம்மா மட்டும் பார்த்திருப்பாள்.

அதற்குப் பிறகு அம்மா விழுப்புரத்துக்கு வந்து போக ஆரம்பித்தாள். சாமுவேலை முதலில் "தம்பி" என்றாள். பொங்கலுக்குப் பிறகு "மாப்ள" என்கிறாள். இந்த வாரம் நாங்கள் எல்லோருமாக இங்கே வந்தோம். கேபிள் லைனை வேறு ஆபரேட்டருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிச் சேகர் வாசலில் வந்து நின்றபோது, அம்மா உள்ளேயிருந்தே, "வாணாம்பா. எனக்குப் போதும் அது" என்றாள். அவ்வளவுதான். ஃபைபர் போட்டாயிற்று. சாமுவேல் வைஃபையில் டிவியை மாட்டிக் கொடுத்தார். ரிமோட்டில் மைக் பொத்தானை அழுத்திப் பேசவேண்டும் என்று கயல் சொல்லிக்கொடுத்தாள். அம்மா ரிமோட்டை வாய்க்கு நேராகப் பிடித்து, "கேப்ப அட சுடறது எப்டி?" என்று கேட்டாள். யாரோ ஒரு பெண் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அடியே, இது நாம பேசறதக் கேக்குதுடி!"

உன் சேனல் ஒருநாளும் அதைச் செய்யவில்லை, அண்ணா.

இதை மட்டும் சொல்வதானால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து, "வா, கொஞ்சம் வெளிய போய்ட்டு வரலாம்" என்றாள். கடைக்கு என்று நினைத்தேன். கேட்டைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுப் படியேறினாள். வாத்தியார் இப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இது யாரு? தெரியலியே."

"எம் பொண்ணு. அமுதா."

"அமுதாவா? டிவியில அப்ப…" என்று அவர் இழுத்தார். நான் குனிந்துகொண்டேன். பூக்கடையில் நின்றதுபோலவே இருந்தது.

அம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அது பொய்ங்க. எம்புள்ள பொய் சொல்லிட்டான். எம் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. விழுப்புரத்துல இருக்கா. இவ புருசன் நர்சு. ஒரு பேத்தி இருக்குது எனக்கு."

உன் பேச்சை அம்மா மறுத்து நான் கேட்டதே இல்லை. நீ உயிரோடு இருந்தபோதும் இல்லை, செத்த பிறகும் இல்லை. வாத்தியார் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அம்மா, "இன்னும் போவணும்ங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள். அடுத்த வீடு. அதற்கு அடுத்த வீடு. சாந்தி வீட்டுக்குக்கூடப் போனாள். எல்லாம் தெரிந்த அவளிடமும் அதையே சொன்னாள். சித்தப்பா வாசலில் ஈஸிச்சேரில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, நில்லுங்க. எம்புள்ள அப்ப டிவியில போட்டது பொய். இது எம் பொண்ணு" என்று அம்மா தெருவில் நின்றே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

காலனிக்குத் திரும்பும் மண்ரோடு வந்ததும், "போதும்மா, வெயிலா இருக்கு" என்றேன். அம்மா கேட்கவில்லை. "ஒயரு போவலன்னாலும் சேதி அங்கயும் போயிருக்கும் இல்ல?" என்றாள். அந்த ரோட்டில் அம்மா நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது அவள் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறாள். சுவரில் உன் படத்துக்கு அவள் காலையில் வைத்த பூ இருக்கிறது. நான் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். நீ எனக்குச் செய்தது எனக்குள் அப்படியே இருக்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லத் தயாரில்லை. ஆனால் இனி அதோடு இன்னொன்றையும் நான் சுமந்துகொண்டு போகிறேன். காலனியின் கடைசி வீட்டுக்குப் போனபோது, சொல்லிச் சொல்லி அம்மாவின் தொண்டை கட்டிப் போயிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி மடமடவென்று குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், என்னை ஒரு எட்டு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"எம் பொண்ணு" என்றாள்.